சர்வேயரின் மூன்றாவது கியர்

அந்தக் காரில் ஐந்து கியர்கள் இருந்தன. நான்கு எல்லோருக்கும் பொது. மூன்றாவது மட்டும் சர்வேயருக்குச் சொந்தம்.

முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டிலும் தெருவிலும் அவரைச் சர்வேயர் என்றே சொல்வார்கள். கார் வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. கதவு நன்றாக மூடும், விளக்கு எரியும், இஞ்சின் ஒரு திருப்பில் உயிர் பெறும். மூன்றாவது கியர்தான் எட்டு வருஷமாகத் தகராறு. இரண்டிலிருந்து கியர் கம்பியை மேலே தள்ளினால் தொளதொளவென்று ஆடுமே தவிர எங்கேயும் போய் உட்காராது. அதை உட்கார வைக்கச் சர்வேயரிடம் ஒரு முறை இருந்தது. கிளட்சை இரண்டு தரம் மிதிப்பார். கம்பியை வலது பக்கமாக நன்றாக இழுப்பார். இடது தோளைக் காது வரைக்கும் தூக்குவார். பிறகு உள்ளங்கையால் மேல்நோக்கி ஒரு தட்டு. "வா கண்ணு" என்பார். கியர் விழும்.

மாப்பிள்ளை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது கியரிலேயே ஊரைச் சுற்றி, இஞ்சின் கதறக் கதறத் திரும்பி வந்து, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் வாடகை வண்டிதான். சர்வேயரின் மனைவிக்கும் ஓட்டத் தெரியும். லைசென்சும் இருந்தது. ஒரு காலத்தில் தினமும் அந்தக் காரில்தான் வேலைக்குப் போய்வந்தாள். மூன்றாவது கியர் முரண்டு பிடிக்க ஆரம்பித்ததும் நாலு நாள் போராடிப் பார்த்துவிட்டு, "இது உங்க கைக்குத்தாங்க வருது" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்துக் கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

ஆகவே வீட்டில் யாருக்கு எங்கே போக வேண்டுமென்றாலும் சர்வேயரின் தயவு வேண்டும். கீழ் வீட்டில் குடியிருந்த அவருடைய தங்கைக்கு வாரம் ஒருமுறை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வேலை இருக்கும். முதல் நாளே மாடியேறி வந்து, அண்ணன் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று முகம் பார்த்துத்தான் கேட்பாள். அவர் பெருமூச்சு விடுவார். "நான் ஒருத்தன் இல்லாட்டி இந்த வீட்டுல ஒரு சக்கரம் உருளாது" என்பார். அதைச் சொல்வதில் அவருக்கு இருந்த சந்தோஷம் பென்ஷன் வாங்கும்போதுகூட இருந்ததில்லை.

"ஒரு நல்ல மெக்கானிக்கிட்டக் காட்டலாமே" என்று மனைவி வருஷத்துக்கு இரண்டு தரமாவது சொல்வாள்.

"கியர் பாக்ஸைத் தொறந்தா அவ்வளவுதான். பழைய வண்டி. உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கட்டும்" என்று அவர் பேச்சை வெட்டிவிடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. டாக்டர் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, நான்கு வாரம் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். முதல் இரண்டு விதிகளைச் சர்வேயர் ஆவலோடு ஏற்றுக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் அவருக்குக் கவலையும் வந்தது, கொஞ்சம் கர்வமும் வந்தது.

"நாலு வாரம் என்ன பண்ணப் போறீங்க எல்லாரும்?" என்றார் கட்டிலில் சாய்ந்தபடி.

"நான் ஓட்டுறேன். சொல்லிக் குடுங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலை கட்டிலிலேயே பாடம் நடந்தது. அவர் டார்ச் லைட்டைத் தொடைக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டார். மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தங்கை வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இப்ப டார்ச்சு ரெண்டாவது கியர்ல இருக்கு. மூணாவதுக்குப் போடு. அப்படியில்ல, வலது பக்கம் இழு. தோளைத் தூக்கு."

"தோளுக்கும் கியருக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சம்பந்தம் தெரிஞ்சா நான் எதுக்கு நிலம் அளந்துக்கிட்டுக் கிடந்தேன்? இஞ்சினியரா ஆகியிருப்பேன். தூக்குன்னா தூக்கு."

தூக்கினாள். தட்டினாள். டார்ச் எரிந்து அவர் ஆபரேஷன் கண்ணில் வெளிச்சம் அடித்தது. "ஐயோ" என்று கத்திவிட்டார். பாடம் அத்தோடு முடிந்தது.

அன்று மருந்துக் கடையில் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் முதுகுவலி மருந்து வாங்க வந்திருந்தார். மருந்தை உறையில் போட்டபடியே சர்வேயரின் மனைவி அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மூணாவது மட்டுமா விழல? நேரா பல் டாக்டர்கிட்டப் போங்க மேடம்" என்றார் அவர்.

"எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்லையே."

"உங்க பல்லு இல்ல மேடம். கியர்ல இருக்கே, சக்கரத்துப் பல்லு. பழைய சந்தைக்குப் பின்னால ஒருத்தர் இருக்கார். கியர் பாக்ஸத் தவிர வேற எதையும் தொடமாட்டார். டயர் பஞ்சர்னு போனாக்கூட விரட்டிருவார். பல் டாக்டர்னு கேட்டா யாரும் காட்டுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வழி சுலபமாகத் திறந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும், "நாளைக்குப் பல் டாக்டரைப் பாக்கப் போறேன்" என்றாள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

"என்னாச்சு? எந்தப் பல்லு?" என்றார் சர்வேயர்.

"மூணாவது."

"வலிக்குதா?"

"எட்டு வருஷமா வலிதான்" என்றாள்.

"என்கிட்டச் சொல்லவே இல்லையே!" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இந்தக் காலத்து டாக்டருங்க எடுத்ததுக்கெல்லாம் பிடுங்கணும்பாங்க. சம்மதிக்காத."

தங்கையை ஏற்கெனவே கூட்டுச் சேர்த்தாகிவிட்டது. கார் நின்றது கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில். ஆனால் அந்த இஞ்சின் சத்தம் சர்வேயருக்கு மூன்று தெரு தாண்டியும் தெரியும். எனவே மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கை செய்தித்தாளோடு மாடியேறி, கண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று தானே வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். தலைப்புச் செய்தி முடிந்தது. கார் கிளம்பவில்லை. விளையாட்டுச் செய்தி முடிந்தது. வேறு வழியில்லாமல் டெண்டர் அறிவிப்புகளுக்குப் போனாள். "கழிவுநீர்க் குழாய் பதிக்கும் பணிக்கு முத்திரையிட்ட உறைகளில்" என்று அவள் உச்சக்குரலில் முழங்கிய நேரத்தில் பின்பக்கம் இஞ்சின் உறுமியது.

"எதுக்குக் கத்துற? எனக்குக் கண்ணுதான் ஆபரேஷன், காது இல்ல" என்றார் அண்ணன்.

சர்வேயரின் மனைவி இரண்டாவது கியரிலேயே ஐந்து கிலோமீட்டர் போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தார்கள். குப்பை லாரி முந்திப் போனது. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்ட சைக்கிள்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?" என்று விசாரித்துவிட்டு அவரும் முந்திப் போனார்.

பட்டறைச் சுவர் முழுக்கப் பல்சக்கரங்கள் அளவு வாரியாக ஆணியில் தொங்கின. பல் டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர். கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். காரை வாங்கி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார்.

"வண்டி யார் ஓட்டுறது?"

"எங்க வீட்டுக்காரர்."

"மூணாவது போடும்போது இடது தோளைத் தூக்குவாரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தூக்காம இந்த வண்டி மூணாவதுக்குப் போகாது. தோளைத் தூக்குனா கை மேல வரும், கையோட கம்பியும் மேல வரும், கீழ நழுவுற ராடு அந்த நேரத்துக்குக் கவ்விக்கும். பாவம், நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்கார். கழுத்து வலி உண்டா அவருக்கு?"

"தினமும் நான்தான் தைலம் தேச்சு விடுறேன்."

"இனி தேக்க வேண்டாம்" என்று சொல்லி, ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு ஸ்டாண்டுகளில் காரை நிறுத்தி, அடியில் போய்ப் படுத்தார். அவள் விட்டேனா பார் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"முதல்ல மேல் போல்ட்டு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "எண்ணெய் ஊத்துற வாயைத் தெறந்து பாத்துட்டுத்தான் வடிக்கிற வாயைத் தெறக்கணும். அவசரப்பட்டுக் கீழ வடிச்சுட்டு, அப்புறம் மேல போல்ட்டு அசையலன்னா வண்டி இங்கயே குடித்தனம்தான்."

மேல் போல்ட் முக்கி முனகித் திறந்தது. கீழ் போல்ட்டைத் திறந்ததும் தட்டில் எண்ணெய் விழுந்தது. எண்ணெய் என்று சொல்ல முடியாது. கறுத்து, கெட்டிப்பட்டு, காய்ச்சிய வெல்லப் பாகு போல இழுத்தது. இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. போல்ட்டின் நுனியில் இருந்த காந்தத்தில் இரும்புத் தூள் பூனை மயிர் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. அவர் அதை விரலால் வழித்து, கட்டைவிரலில் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டினார்.

"மாவா இருக்கு, பாருங்க. வயசுத் தேய்மானம். துண்டு துண்டா வந்திருந்தாத்தான் பல்லு போச்சுன்னு அர்த்தம். உங்க வண்டிக்குப் பல்லெல்லாம் நல்லா இருக்கும்மா. கடைசியா எப்ப எண்ணெய் மாத்துனீங்க?"

"மாத்தணும்னு இருக்கா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். புது எண்ணெய் டப்பாவை அவளிடம் நீட்டினார். அவள் வழக்கப்படி லேபிளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள், காருக்குச் சொன்ன வகைதானா என்று காரோடு வந்த புத்தகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தாள், பிறகு டப்பாவை நன்றாகக் குலுக்கினாள்.

"குலுக்காதீங்கம்மா. இது சிரப் இல்ல" என்றார் பல் டாக்டர்.

எண்ணெய் மேல் வாயில் வழியத் தொடங்கும் வரை ஊற்றி, துடைத்து, இறுக்கினார். "இப்ப கம்பிக்கு வருவோம். கம்பியும் ராடும் சேர்ற இடத்துல நைலான்ல ஒரு வளையம் இருக்கும், புஷ்ஷுன்னு சொல்வோம். அது போயிருக்கும். உங்க கட்டைவிரல் அளவுகூட இருக்காது" என்றபடி சந்துக்குள் கையை விட்டார். கை வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "முப்பது வருஷம் இந்த வேலை பாக்குறேன். இப்படி ஒண்ணைப் பாத்ததே இல்ல. இது என்னம்மா?"

உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில், எண்ணெயில் ஊறி, பிதுங்கிப்போன ஒரு ரப்பர் உருண்டை இருந்தது. அவள் ஒரு பஞ்சை எடுத்துத் துடைத்தாள். நடுவில் சின்ன வட்டம். வட்டத்துக்குள் ஊசி குத்திய தடம். ஆயிரக்கணக்கில் அவள் கையாண்ட பொருள் அது.

"இது ஊசி மருந்து பாட்டில் மூடி" என்றாள் மெதுவாக. "எங்க கடைச் சரக்கு."

பல் டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது, கண்ணில் நீர் வரும் வரைக்கும். மூடி தானாக நடந்து போய்க் காருக்கு அடியில் உட்கார்ந்திருக்காது. அந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்கிற கை ஒன்றே ஒன்றுதான்.

புது வளையம் மாட்டியதும் அவளே ஓட்டிக்கொண்டு திரும்பினாள். சந்தை முனையில் இரண்டிலிருந்து கம்பியை விரல் நுனியால் நேராகத் தள்ளினாள். 'டக்' என்று விழுந்தது. நம்ப முடியாமல் மறுபடி நியூட்ரலுக்கு எடுத்து மறுபடி போட்டாள். மறுபடியும் விழுந்தது. சைக்கிள்காரரைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"பிடுங்கிட்டாங்களா?" என்றார் சர்வேயர், அவள் உள்ளே வந்ததும்.

"இல்லீங்க. பல்லெல்லாம் நல்லா இருக்காம். நடுவுல என்னமோ அடைச்சிருந்துச்சு. அதை மட்டும் எடுத்துட்டாரு."

"சாப்பிட்டுட்டு வாய் கொப்பளிக்காம இருந்தா அப்படித்தான்" என்று அவர் புத்தி சொன்னார். மூடி அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்ட நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த மனிதரிடம் அன்று கேட்க மனம் வரவில்லை.

நான்கு வாரம் கழித்து டாக்டர் அனுமதி கொடுத்தார். சர்வேயர் அன்று சட்டையை இஸ்திரி போட்டு அணிந்தார். தங்கையை ஸ்டேஷனில் விட வேண்டியிருந்தது. அவள் பின் சீட்டில், மனைவி முன் சீட்டில். முதல் கியர், இரண்டாவது கியர். நாற்சந்தி தாண்டும்போது கிளட்சை இரண்டு தரம் மிதித்து, கம்பியை வலது பக்கம் நன்றாக இழுத்து, தோளைக் காது வரை தூக்கி, "வா கண்ணு" என்று ஒரு தட்டுத் தட்டினார்.

இறுக்கமாகச் சரிசெய்த கம்பி, இழுத்த பக்கம் ஒழுங்காகப் போய் ஐந்தாவது கியரில் உட்கார்ந்தது. கார் குலுங்கியது, இருமியது, நாற்சந்தி நடுவே நின்றுபோனது.

நாலு பக்கமும் ஹாரன். சர்வேயர் மறுபடி ஸ்டார்ட் செய்து, முதல், இரண்டு, தோள், "வா கண்ணு", தட்டு. மறுபடி ஐந்து. மறுபடி நின்றது. தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதையாக ஆனது. டிராஃபிக் போலீஸ்காரர் குடைக்கு அடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன சார், பழகுற வண்டியா? எல் போர்டு எங்க?"

முப்பது வருஷமாக ஓட்டுகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது! சர்வேயரின் முகம் சிவந்தது. "வண்டியில கோளாறு" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மனைவியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "கோளாறு இல்லீங்க. கோளாறு போயிருச்சு. நேராத் தள்ளுங்க, விழும்."

"எது போயிருச்சு?"

"தள்ளுங்க, சொல்றேன்."

நேராகத் தள்ளினார். விழுந்தது. அவர் அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷனில் தங்கை இறங்கி, ஜன்னல் வழியாகக் குனிந்து, "அண்ணே, எனக்கு இதுல சம்பந்தம் இல்ல. நான் பேப்பர் மட்டும்தான் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

வீட்டுக் கொட்டகையில் இஞ்சினை அணைத்த பிறகு அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "யாரைக் கேட்டுக் கியர் பாக்ஸைத் தொறந்த?"

அவள் கைப்பையிலிருந்து மூடியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். நிலத் தகராறில் வரைபடத்தை விரித்து வைத்ததும் எதிராளி பார்க்கும் பார்வை. கோபம் எங்கேயோ வழிந்து போனது.

"அந்த வளையம் உடைஞ்சு கையோட வந்துருச்சு" என்றார். "மெக்கானிக்கு மூணு நாள் ஆகும்னான். நீ மறுநாள் வேலைக்கு எடுத்துட்டுப் போகணும்னு சொல்லியிருந்த. உன் டப்பாவுல இது கிடந்துச்சு, அளவு சரியா இருந்துச்சு. ஒரு நாளைக்குத்தானேன்னு அடைச்சேன்."

"ஒரு நாளா? எட்டு வருஷங்க. எட்டு வருஷமா நான் ரெண்டு பஸ் மாறிப் போறேன்."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ நாலு நாள் பாத்துட்டு, 'இது உங்க கைக்குத்தான் வருது'ன்னு சொன்ன." அவர் ஸ்டீயரிங்கைத் துடைப்பதுபோல் தடவினார். "கல்யாணமாகி அதுவரைக்கும் நீ என்னைப் பத்தி அந்த மாதிரி ஒண்ணு சொன்னதே இல்ல."

அவளிடம் வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வசனம் நிறைய இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, "சொல்லியிருப்பேன். யோசிச்சுப் பாத்தா ரெண்டு மூணாவது இருக்கும்" என்றாள்.

"என்னென்ன?"

"யோசிக்கணும்னு சொன்னேன்ல."

திங்கட்கிழமையிலிருந்து அவள் காரில் வேலைக்குப் போனாள். சர்வேயர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பட்டறைக்கு நடந்தே போய், எண்ணெய் சரியான அளவில்தான் ஊற்றினீர்களா என்று பல் டாக்டரிடம் சண்டை பிடித்தார். மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, சட்டையில் கறையோடு திரும்பி, "ஆளு பரவாயில்ல. விஷயம் தெரிஞ்சவன்" என்றார். அதற்குப் பிறகு கழுத்து வலி பற்றி அவர் பேசவில்லை.

கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. எட்டு வருஷப் பழக்கம், தோள் தானாக எழும்பும். ஞாயிற்றுக்கிழமை காலை மைதானம் காலியாக இருக்கும் நேரத்தில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இடது தோளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, சர்வேயர் மூன்றாவது கியர் பழகினார். பத்து தரத்தில் ஏழு தரம் விழுந்தது. தங்கையும் காற்று வாங்க என்று பின் சீட்டில் ஏறி வந்திருந்தாள்.

அரை மணி நேரம் பார்த்துவிட்டு அவள் முன்னால் குனிந்தாள். "அண்ணி, எனக்கும் சொல்லிக் குடுக்குறீங்களா?"

அண்ணனைக் கேட்கவில்லை. சர்வேயர் அதைக் கவனித்தார். ஆனாலும் இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தங்கையை உட்கார வைத்துவிட்டு, தான் பின் சீட்டுக்குப் போனார். கார் வாங்கிய இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அங்கே உட்காருவது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார்.

"என்ன இது, கம்பி குத்துது?"

"ஸ்பிரிங்" என்றாள் தங்கை, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பன்னெண்டு வருஷமா."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"டிரைவரு கோவக்காரரு" என்றாள் தங்கை. மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சர்வேயர் இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். நடுவில் ஒரு சாண் இடம்தான் தேறியது. அதில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "சரி, கிளட்சை மிதி" என்றார்.

"நீங்க பேசாம வாங்க" என்றார்கள் முன் சீட்டில் இருந்த இருவரும். கார் ஒரு குதி குதித்து நகர்ந்தது.